இளங்கன்றுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி: புதிதாக மாடு வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

மழைக்காலத்துக்கு முன்பு கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊர் மந்தையில் தடுப்பூசி முகாம் போடும் நாளில், கறவை மாடுகளும் உழவு மாடுகளும் வரிசையில் நிற்க, அவற்றின் பின்னால் துள்ளிக்கொண்டு வரும் இளங்கன்றுகளில் பல ஊசி போடாமலேயே வீடு திரும்புகின்றன. வயது போதாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அது சரியான காரணம்தான். தவறு அதற்குப் பின்புதான் நடக்கிறது. அந்தக் கன்றுக்கு வயது நிரம்பும் நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. அடுத்த முகாம் அடுத்த ஆண்டுதான் வரும். இடையில் ஓர் ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் கடந்துபோகின்றன. தொண்டை அடைப்பான் நோய் கன்றுகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் தொழுவத்தில் வைகாசியில் பிறந்த கிடாரிக் கன்று ஒன்று இருந்தது. ஆவணி முகாமின்போது அதற்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்ததால் திருப்பி அழைத்து வந்தோம். கார்த்திகை அடைமழையில், ஆறு மாதம் நிறைந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அது ஒரு காலையில் தாயிடம் குடிக்க வராமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மாலைக்குள் தொண்டை வீங்கிவிட்டது, விடிவதற்குள் இறந்துவிட்டது. அப்பத்தா அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏப்பா, அன்னைக்குச் சின்னக் கன்னுன்னு திரும்பக் கூட்டியாந்தீகளே, பெருசானதுக்கப்புறம் யாரு கூட்டிட்டுப் போனது?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்படுவது. முதன்முதலாக ஒன்றிரண்டு மாடு வாங்கிக் கட்டியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பழகிய கைகளுக்கு இதில் புதிதாக அதிகம் இருக்காது.

நோயைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய அளவு

இந்நோயை உண்டாக்கும் கிருமியின் பெயர் பாஸ்டுரெல்லா மல்டோசிடா. லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய கிருமி இது. 1880 வாக்கில் அவர் ஆய்வுக்கூடத்தில் வீரியம் குறைத்து உருவாக்கிய தடுப்பு மருந்து, இதே இனக் கிருமியால் கோழிகளுக்கு வரும் காலரா நோய்க்கானது என்பதை நினைத்தால், இன்று மந்தையில் கன்றின் கழுத்தில் இறங்கும் ஊசிக்கு எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது தெரியும். மாட்டையும் எருமையையும் நம் நாட்டில் தாக்குவது இக்கிருமியின் வேறொரு வகை. தமிழ்நாட்டில் இதற்கான தடுப்பு மருந்தை இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது.

நோய் வராத மாட்டின் தொண்டைச் சதையிலும் இக்கிருமி பதுங்கியிருக்க முடியும். மாடு நலமாகத்தான் இருக்கும். தீனி தின்னும், பால் கறக்கும். நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிவந்த களைப்பு, தீனிக் குறைவு, வெயிலில் காய்ந்த உடம்பு திடீரென்று மழையில் நனைவது போன்றவற்றால் உடலின் எதிர்ப்பு தளரும்போது அது பெருகி, சளியிலும் எச்சிலிலும் வெளிவந்து, பக்கத்தில் நிற்கும் கன்றின் மூச்சிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கலக்கிறது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் சிறிது காலம் உயிரோடு இருக்கும். கண்மாய்க் கரையில் மேயும் மாடுகளிடம் மழைக்காலத்தில் இந்நோய் அதிகம் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவை எளிதில் பலியாகின்றன. பசுங்கன்றைவிட எருமைக் கன்று இன்னும் எளிதில் பலியாகிறது.

நுரையீரலும் தொண்டையும் தாக்கப்படுவதால் மூச்சு நோயாகத் தோன்றினாலும், உண்மையில் இது கிருமி இரத்தத்தில் பரவி உடல் முழுவதையும் நஞ்சாக்கும் நோய். 104 முதல் 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காய்ச்சல், வாயில் நூலாக வடியும் எச்சில், தாடைக்குக் கீழிருந்து மார்பு வரை இறங்கும் சூடான, வலியுள்ள வீக்கம், குறட்டை போன்ற மூச்சொலி, கண் சிவத்தல் என்ற வரிசையில் சென்று ஒன்றிரண்டு நாட்களில், சில வேளை சில மணி நேரத்திலேயே, உயிர் போய்விடும். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் பயன் தருவதில்லை. தடுப்பூசியை இத்தனை வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊர்களில் 'அடைப்பான்' என்று மட்டும் சொன்னால் அது ஆந்த்ராக்ஸ் நோயைக் குறிக்கும்; தொண்டை அடைப்பான் வேறு, அதற்குரிய ஊசியும் வேறு. தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் சப்பை நோய் மூன்றாவது. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகவும் மருந்து வருகிறது. ஆகையால் "அடைப்பான் ஊசி போட்டாயிற்று" என்று யாராவது சொன்னால் எந்த அடைப்பான் என்று கேளுங்கள்; விற்பவரிடம் கன்று வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள்.

முதல் படி: பிறந்த நாளை எழுதுங்கள்

கன்று விழுந்த அன்றே, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதிலிருந்து நான்காம் மாதத் தேதியிலும் ஆறாம் மாதத் தேதியிலும் கன்றின் அடையாளத்தை எழுதி வையுங்கள். அந்த ஆண்டுக் காலண்டர் போதாதென்றால் ஒரு பள்ளி நோட்டு போதும். இவ்வளவு சிறிய வேலையைப் படி என்று சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் கன்று இறந்தது இந்த வட்டம் இல்லாததால்தான்.

தொண்டை அடைப்பான் தடுப்பூசியின் வழக்கமான முதல் தவணை ஆறு மாத வயதில். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். மதுரைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். அதன் வேகம் ஐப்பசி, கார்த்திகையில்தான் என்றாலும் புரட்டாசியிலேயே மாலை நேர இடிமழை தொடங்கிவிடுகிறது. எனவே பின்னோக்கி எண்ணினால் ஆவணி முடிவதற்குள் ஊசி உடம்பில் ஏறியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் மாசி, பங்குனியில் பிறந்த கன்றுகளுக்குத் தொல்லையில்லை. ஆவணிக் கடைசியில் அவை ஆறு மாதத்தை எட்டியோ நெருங்கியோ இருக்கும். சித்திரையில் பிறந்தது அப்போது நான்கு மாதம் தாண்டி ஐந்தை நெருங்கும் நிலையில் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் முந்தைய ஆண்டுகளில் நோய் வந்திருந்தால், நான்கு மாதத்துக்கு மேற்பட்ட இத்தகைய கன்றுக்கு முன்கூட்டியே ஒரு தவணை போட்டு, சில மாதங்கள் கழித்து மறு தவணை போடுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். இதை நீங்களாகத்தான் எழுப்ப வேண்டும். நூறு மாடு நிற்கும் முகாமில் ஒரு கன்றின் வரலாற்றை அவர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டிப் போட்ட ஊசியை மட்டும் நம்பி மறு தவணையை விட்டுவிடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வைகாசி, ஆனியில் பிறந்தவைதான் சிக்கல். மழை தொடங்கும்போது அவை மிகச் சிறியவை. வயது நிரம்பும்போது மழை நடுவில் இருக்கும். மழை வந்துவிட்டதே, இனிப் போட்டு என்ன பயன் என்று எண்ண வேண்டாம். வயது எட்டிய வாரத்திலேயே கன்றை உங்கள் பகுதி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். அதுவரை மந்தை மாடுகளோடு மேய விடாமல் தனித் தண்ணீர்த் தொட்டியில் காட்டி, நனையாத இடத்தில் கட்டுங்கள். கிடை மாடு வைத்திருப்பவர்களுக்கு, அதாவது புலிக்குளம் மாடுகளை ஊர் ஊராக ஓட்டிச் சென்று வயல்களில் அடைப்பவர்களுக்கு, இந்தப் பிரிப்பு எளிதன்று என்பது தெரியும். அவர்கள் கிடை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் மருந்தகத்திலேயே கேட்கலாம்.

சீம்பால்: ஊசிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கும் வேலை

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்புப் பொருள்கள் கடந்து வருவதில்லை. கன்று பெறுவதெல்லாம் சீம்பாலில்தான். அதிலும் கன்றின் குடல் அவற்றை முழுதாக உறிஞ்சுவது பிறந்த முதல் சில மணி நேரம் மட்டும். ஒரு நாள் கழிந்தால் அந்த வாசல் மூடிவிடுகிறது. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் குடிப்பும், முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு இது இரண்டரை லிட்டர். இதை மூன்று நான்கு முறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் விட வேண்டும் என்று சில வீடுகளில் இன்றும் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் கன்று இழப்பதைப் பின்னால் எந்த ஊசியாலும் ஈடுகட்ட முடியாது.

தாய்ப் பசுவுக்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பாலில் அந்நோய்க்கான எதிர்ப்புப் பொருளும் வரும். அது சில மாதங்கள் கன்றைக் காக்கும். ஆனால் அதே பொருள் உடலில் மிகுந்திருக்கும் வயதில் ஊசி போட்டால் ஊசி மருந்தையும் அது செயலிழக்கச் செய்துவிடும். மிக இளம் கன்றை முகாமில் திருப்பி அனுப்புவதற்கு இதுவே காரணம். தாய்க்கு ஊசி போட்டதா, எப்போது என்பதை மருத்துவரிடம் சொன்னால் கன்றின் வயதை அவர் இன்னும் துல்லியமாகத் தீர்மானிப்பார்.

ஊசிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து

வயிறு நிறையப் புழுவோடு இருக்கும் கன்று ஊசியின் முழுப் பயனைப் பெறாது. பிறந்த பத்துப் பதினைந்து நாளில் தொடங்கி ஆறு மாதம் வரை மாதந்தோறும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவந்தால் இந்தக் கட்டத்தில் தனியாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. விட்டுப்போயிருந்தால் ஊசிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பாக மருந்து கொடுத்துவிடுங்கள். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடமோ கால்நடை ஆய்வாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணியும் அப்படியே.

புழு மருந்தைப் புகட்டும் முறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. மூங்கில் குழாயை வாயில் வைத்து, கன்றின் தலையை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு மளமளவென்று ஊற்றுவது நம் பழக்கம். அப்படி ஊற்றினால் மருந்து வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாயில் இறங்கி, இரண்டு நாளில் நிமோனியா வந்துவிடும். தலை முதுகின் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் போதும். கடைவாய் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பின் அடுத்த வாய் கொடுங்கள். செருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். ஊசிக்குத் தயாராக்குகிறோம் என்று சொல்லி நாமே நுரையீரலில் மருந்தை ஊற்றிக் கன்றை இழந்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவில்லை.

கொம்புக் குருத்துச் சுடுவது, காயடிப்பது, தாயைப் பிரிப்பது, வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோவது ஆகிய எதையும் ஊசி நாளை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். சந்தையில் வாங்கிய கன்றை வந்து இறங்கிய அன்றே ஊசிக்கு நிறுத்துவதும் பயன் தராது. அதை மூன்று வாரம் மற்ற மாடுகளிலிருந்து தள்ளித் தனியே கட்டி, களைப்பு நீங்கித் தீனி ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பின் போடுங்கள். விற்றவர் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொன்னதை, எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், போடாததாகவே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஊசி போடும் நாள்

அதிகாலையில் கன்றைப் பாருங்கள். தாய்ப்பாலுக்கோ தீனிக்கோ ஆவலாக வருகிறதா, மூக்கில் கெட்டிச் சளி இருக்கிறதா, சாணம் தண்ணீராகப் போகிறதா என்று கவனித்துவிட்டு, ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பாருங்கள். 101.5 முதல் 102.5 வரை இயல்பு. மதுரை வெயிலில் மதியம் பார்த்தால் நலமுள்ள கன்றுக்கும் சற்று ஏறித்தான் காட்டும். அதனால்தான் அதிகாலை என்றேன். 103.5-ஐத் தாண்டினாலோ கழிச்சல், இருமல் இருந்தாலோ அன்று ஊசி வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக் குணமான பின் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். அண்மையில் வேறு நோய்க்கு ஊசி மருந்து எதுவும் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு வகை மருந்துகள் தடுப்பூசியின் பலனைக் குறைக்கும்.

மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. வெயிலில் வைத்தால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. படிகாரமோ எண்ணெயோ கலந்து செய்த இம்மருந்து உறைந்து உருகினால், பார்வைக்கு அதேபோல் இருந்தாலும் பலன் போய்விடும். மருத்துவர் எழுதிக் கொடுத்து நீங்களே மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவதாக இருந்தால், ஐஸ் கட்டியின் மேல் குப்பியை நேராக வைக்காமல், இடையில் ஒரு துணியோ அட்டையோ வைத்துக் குளிர்பெட்டியில் கொண்டு வாருங்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க நேர்ந்தால் நடுத்தட்டில் வையுங்கள். ஃபிரீசரிலும் கதவிலும் வேண்டாம். வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்த குப்பியில் மீந்ததை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது கூடாது; பக்கத்து வீட்டுக் கன்றையும் அன்றே அழைத்து வந்துவிட்டால் மருந்து வீணாகாது.

ஊசியை மருத்துவரோ அவரது மேற்பார்வையில் பயிற்சி பெற்றவரோதான் போட வேண்டும். அவர் குப்பியைக் குலுக்கி, கழுத்தின் பக்கவாட்டில் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்துத் தோலுக்கடியிலோ, எண்ணெய் கலந்த மருந்தானால் தசைக்குள்ளோ போடுவார். அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். குப்பியின் மேல் எழுதியிருப்பதே அளவு. கன்றுதானே, பாதி போதும் என்று அளவைக் குறைக்கச் சொல்வோர் உண்டு. குடிக்கும் மருந்து எடைக்கேற்பக் குறையும்; தடுப்பு மருந்து அப்படிக் குறைவதில்லை, குறைத்தால் போடாததற்குச் சமம். ஒரு கன்றுக்குப் போட்ட ஊசி முனையை அடுத்ததற்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் உங்கள் உரிமை. வேண்டுமானால் நாலைந்து ஊசி முனைகளை நீங்களே வாங்கி வைத்திருங்கள். அதிக விலையில்லை.

உங்கள் வேலை கன்றைப் பிடிப்பது. சுவர் ஓரமாக நிறுத்தி, ஒரு கையைத் தாடைக்குக் கீழும் மற்றொன்றைப் பின்தொடையைச் சுற்றியும் கொடுத்து, உங்கள் முழங்காலால் சுவரோடு அணைத்துப் பிடித்தால் ஆறு மாதக் கன்று அடங்கி நிற்கும். வாலை முறுக்குவதும் மூக்கில் விரல் விட்டு இழுப்பதும் வேண்டாம். மிரண்டு துள்ளும் கன்றின் உடம்பில் ஊசி பாதி இறங்கி மருந்து தோலில் வழிந்துவிடும், அது போட்ட கணக்கிலும் சேராது. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுவது கன்றுக்கும் பிடிப்பவருக்கும் நல்லது.

போட்ட பின்

முதல் அரை மணி நேரம் கன்றை விட்டு நகராதீர்கள். அரிதாகச் சில கன்றுகளுக்கு ஒவ்வாமை வந்து உடல் நடுங்கும், கண் இமை வீங்கும், எச்சில் வடியும், மூச்சு வாங்கிக் கீழே விழும். மருத்துவர் அருகில் இருந்தால் உடனே மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுவார். நீங்கள் கன்றை அவசரமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் முடியாது. முகாம் முடிந்ததும் மந்தை வேப்ப மரத்தடியில் அந்த அரை மணியைக் கழித்துவிட்டு வாருங்கள்.

அன்றும் மறுநாளும் லேசான காய்ச்சல், சற்று மந்தம் இருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம் வரலாம். எண்ணெய் மருந்தானால் அது சில வாரங்கள் தங்கும், தானே கரையும். அதைக் கீறுவதோ, சூடு போடுவதோ, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவதோ தேவையில்லை. வீக்கம் பெருகிச் சூடாகிச் சீழ் கோத்தால் மட்டும் காட்டுங்கள். இரண்டு நாள் நெடுந்தூர மேய்ச்சல் வேண்டாம். தண்ணீரும் பசுந்தீனியும் வழக்கம்போல் கொடுங்கள்.

அன்றே நோட்டை எடுத்து, தேதி, கன்றின் அடையாளம், காது வில்லையின் 12 இலக்க எண், மருந்தின் பெயர், குப்பியிலுள்ள தொகுதி எண், காலாவதித் தேதி, போட்டவர், மறு தவணை நாள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். தொகுதி எண் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே மருந்து போட்ட பல கன்றுகளுக்கு ஒரே மாதிரித் தொல்லை வந்தால் காரணம் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

மற்ற ஊசிகளோடு மோதாமல்

இதே வயதில்தான் கன்றுக்கு வேறு ஊசிகளும் வருகின்றன. கோமாரி நோய்க்கு நான்காம் மாதம் முதல் தவணையும் ஒரு மாதம் கழித்து மறு தவணையும், பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும்; கிடாரிக் கன்றுக்கு மட்டும், நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கன்று வீச்சு (புருசெல்லோசிஸ்) நோய்க்கு. காளைக் கன்றுக்கு இது கிடையாது. சப்பை நோய்க்கு ஆறாம் மாதம். சேர்த்துத் தயாரித்த மருந்துகளைத் தவிர மற்றவற்றுக்கு இடையே இரண்டு முதல் நான்கு வார இடைவெளி விடுவது வழக்கம். கோமாரி முகாமும் தொண்டை அடைப்பான் முகாமும் அடுத்தடுத்து வந்தால் எதை முதலில் போடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். கோமாரி ஊசி போட்டதால் மழைக்காலத்துக்கும் காப்பு வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த ஊசி தடுக்காதவை

கன்று இருமினால் உடனே "ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்பார்கள். இளங்கன்றுக்கு நிமோனியா உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பல. மான்ஹைமியா, மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாக்களும் சில வைரஸ்களும் அவற்றில் உண்டு. நாம் போடும் ஊசி தொண்டை அடைப்பானுக்கு மட்டுமே. மற்றவற்றுக்குக் காப்பு தொழுவம்தான். மார்கழிப் பனிக்குப் பயந்து நாற்புறமும் தார்ப்பாய் கட்டி மூடிய கொட்டிலில், இரவு முழுதும் மூத்திர நெடி தேங்கி, காலையில் உள்ளே நுழைந்தால் நம் கண்ணே எரியும். அந்தக் காற்றைத்தான் கன்று விடிய விடிய இழுத்திருக்கிறது. கன்றின் உயரத்துக்கு மட்டும் காற்று அடிக்காமல் மறைத்து, மேலே திறந்து விடுங்கள். தரையில் ஈரம் தேங்காமல் காய்ந்த வைக்கோல் போட்டு நாள்தோறும் மாற்றுங்கள்.

நோய் வந்துவிட்டால்

அக்கம் பக்கத்தில் ஒரு மாடு தொண்டை வீங்கி இறந்தது என்று கேள்விப்பட்டால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடமோ, கட்டணமில்லாத 1962 எண்ணிலோ சொல்லுங்கள். நோய் வந்த இடத்தைச் சுற்றிலும் நலமாக இருப்பவற்றுக்கு அவர்கள் ஊசி போடுவார்கள். உங்கள் கன்றுக்கே காய்ச்சல் இருந்தால் அதற்கு இப்போது தேவை சிகிச்சை, தடுப்பூசி அல்ல. காய்ச்சல் மட்டும் இருக்கும் முதல் சில மணி நேரத்தில் கிருமிக்கொல்லி மருந்து ஏறினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே ஊரில் நோய் நடமாடும் நாட்களில் காலையும் மாலையும் எல்லாக் கன்றுக்கும் வெப்பமானி வைத்துப் பார்ப்பது வீண் வேலையன்று. நோயுற்றதைத் தனியே கட்டி, நலமானவற்றுக்குத் தீனி தண்ணீர் காட்டிய பிறகே அதனிடம் போங்கள். திரும்பி வந்ததும் கைகால் கழுவுங்கள்.

இறந்துவிட்டால் உடலைக் கண்மாயிலோ ஓடையிலோ போடாதீர்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வழிந்திருந்தால் அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். தோலுரிக்காமல், அறுக்காமல், தொடாமல் மருத்துவர் வரும்வரை காவலிருங்கள். தொண்டை அடைப்பான் என்று அவர் உறுதி செய்தால், நீர்நிலைக்குத் தொலைவில் ஆறடிக் குழி தோண்டி, மேலும் கீழும் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். அது கட்டியிருந்த இடத்து வைக்கோலையும் மிச்சத் தீனியையும் எரித்து, தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவி, சில நாள் வெயில் பட விடுங்கள். அந்தக் கட்டுத்தறியில் அடுத்த கன்றைக் கட்டுவதற்கு முன் அதன் ஊசித் தேதியிலிருந்து மூன்று வாரம் கழிந்துவிட்டதா என்று நோட்டைப் பாருங்கள்.